ஆணத்தில் கிடந்த மாவுக்கட்டி

கோமாரி, பொத்துவில், அக்கரைப்பற்று என்று கரையோரத்தில் இருக்கிற நமக்குக் கச்சேரி அலுவல் வந்தால் அம்பாறைக்குத்தான் போக வேண்டும். போனால் பகல் சாப்பாடு அங்குள்ள நம்மவர் கடையொன்றில். அப்படியான ஒரு கடையில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை நாம் எழுதி வைக்க வேண்டும்.

சாப்பிட வந்த ஒருவர் ஆணத்துக்குள் வெள்ளைக் கட்டி ஒன்றைக் கண்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் எழும்பியது. கூட்டம் சேர்ந்தது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. மிரட்டிக் கேட்ட கேள்விக்கு ‘ஓம்’ என்ற மாதிரிப் பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலைக் கைபேசியில் பிடித்துக் குற்ற ஒப்புதலாக முகநூலில் பரப்பினார்கள். அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது. பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன.

மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் பற்றியெரிந்தது. அதற்குக் காரணம் வேறொரு சம்பவம். ஆனாலும் அம்பாறைக் கதையும் அந்த நேரம் கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. திகனையில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மௌத்தானார். அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்தார். அது வெறும் மாவுக்கட்டி; மலடாக்கும் மருந்து எதுவும் அதில் இல்லை. ஒருவரை நிரந்தரமாக மலடாக்க உணவில் கலக்கிற மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்பதை வைத்தியர்களும் எடுத்துச் சொன்னார்கள். 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனமே 2018 வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

பழி இத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2019 மே மாதத்தில் அதே கதை குருநாகல் வைத்தியர் ஷாபி மீது ஏறியது. 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை எழுதியது. அவரைக் கைதுசெய்தார்கள். ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை, நாடு மருந்தில்லாமல் தவித்த அந்த நேரத்தில், மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார்.

அம்பாறையில் நிரபராதம் நிரூபணமான பிறகும் குருநாகலில் அதே பழி எப்படி எடுபட்டது? பழி சிங்களத்தில் பரவியது. மாவுக்கட்டி என்ற முடிவை நாம் தமிழில் நமக்குள்ளேயே சொல்லி ஆறுதல்பட்டோம். அது பொய்யென்று நமக்கு முதலே தெரியும். தெரியவேண்டியவர்கள் பக்கத்து ஊர்ச் சிங்கள மக்கள். அந்த அறிக்கையையும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதையும் சிங்களத்தில் அவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை இன்னும் நம்மட தலையில்தான் கிடக்கிறது.