கடைமடைக்கு வர்ற காசு

எங்க ஊர் கடைமடை. மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சுன்னு டிவியில சொன்ன பிறகு எங்க வயலுக்கு வந்து சேர ரெண்டு வாரமாவது ஆகும். டெல்லியிலிருந்து ஊராட்சிக்கு வரும் பணமும் அப்படித்தான். "உங்க ஊருக்குத்தான் நிறைய பணம் வருதே, எங்கே போகுது?" என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்டார். அதற்காக இந்தப் பழைய கதை.

ஒரு ரூபாய் செலவழிச்சா 15 பைசாதான் ஏழைக்குப் போய்ச் சேருதுன்னு 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தியே சொன்னார். 1989-ல் ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. ஊராட்சி கையில் பணம் புழங்க ஆரம்பித்தது அப்போதுதான். 1993 ஏப்ரல் 24-ல் 73-வது சட்டத்திருத்தம் அமலுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடத்தியே ஆகணும்னு ஆச்சு. அடுத்து வந்த 10-வது நிதிக்குழு, 1971 கணக்கெடுப்புப்படி கிராமத்து ஆளுக்கு 100 ரூபாய் என்று மானியம் ஒதுக்கியது.

2015-20க்கான 14-வது நிதிக்குழு 2 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கி, முழுசும் கிராம ஊராட்சிக்கே என்றது. பணம் முதலில் மாநில கஜானாவுக்கு வரும். அங்கிருந்து 15 நாளுக்குள் ஊராட்சிக்குப் போகணும். தாமதமானால் மாநிலம் வட்டியோடு தரணும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனா ஒரு நிபந்தனை. ஊராட்சியில் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவங்க இருக்கணும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டு வழக்கில் நின்னுபோச்சு. தலைவர் நாற்காலியில் தனி அலுவலர். டெல்லியும் மானியத்தை நிறுத்தி வைத்தது. 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர்.

அந்த இடைவெளியில் ஒரு கோடையில் எங்க தெரு குடிதண்ணி மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. கேட்டா, "நிதி இல்லீங்க" என்றார்கள். வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூல் பண்ணி நாங்களே கட்டினோம். அதுவரை பதினோரு நாள், பொம்பளைங்க குடத்தோட பக்கத்து ஊருக்கு நடந்தாங்க. அந்தப் பணம் யாரும் திருடினது இல்லை. வரவே இல்லை.

2025 ஜனவரி 5-ல் எங்க ஊராட்சியின் பதவிக்காலமும் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர். தண்ணி வரலைன்னா மண்வெட்டியோட மதகுல போய் நிப்போம். காசு வரலைன்னா? இனிமே யாராவது "பணம் எங்கே போச்சு" என்று கேட்டால், கூடவே "தேர்தல் எப்போ" என்றும் கேளுங்க.