தேரி மணலும் பனிப்பாளமும்

சங்கரன்கோவில் கரிசலிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்கள் காயாமொழிப் பக்கம் செக்கச்செவேலென்ற மணல்மேட்டைப் பார்த்திருப்பீர்கள். குதிரைமொழித் தேரி அது. அதற்கும் பனிப்பாளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் சிரிப்பீர்கள்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபகுதிகளைப் பெரும் பனிப்பாளம் மூடிக் கிடந்தது. கனம் ஒன்றிரண்டு மைல் இருக்கும். அவ்வளவும் கடலிலிருந்து போன தண்ணீர்தானே? அதனால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கிவிட்டது. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்! மன்னார் வளைகுடாவின் ஓரமும் தரையாயிற்று. அலை கொழித்துப் போட்ட மணல் காய்ந்து கிடக்க, காற்று அதை அள்ளிக் குவித்தது. மணலோடு சேர்ந்த இரும்புச்சத்து துருவேறிச் சிவந்தது. பனி உருகிக் கடல் மறுபடி ஏறிய பிறகும் இந்தக் குவியல் அடங்கவில்லை. காற்று அதை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது.

தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் எழுதினார்கள். ஆக, மனுசன் அங்கே வெகுகாலமாக இருக்கிறான்.

மணலைப் பிடித்து நிறுத்துவது பனையும் உடையும் கொல்லாமரமும்தான். செங்கல் சூளைக்கென்று பனை வெட்டிய ஓரிடத்துக்குப் போயிருந்தேன். ஒரே ஆடிக்காற்றில் பக்கத்து முருங்கைத் தோட்டத்தின் வரப்பு காணாமல் போயிருந்தது.