உசாத்துணை

உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து ஆராய்தல். தொல்காப்பிய உரியியல் ‘உசா’ என்பதற்குச் சூழ்ச்சி என்று பொருள் தருகிறது. அன்றைய சூழ்ச்சி கூடி எண்ணுதல், இன்றைய சதி அல்ல. உசாவத் தக்க துணை உசாத்துணை. நூற்பட்டியலின் தலைப்பாக மட்டும் இது சுருங்கிப்போனது நட்டம்தான்.

ஆட்டிசத்தைத் திருத்த வேண்டிய பிழையாகப் பார்க்காத மனநல ஆலோசகர்கள், தங்களுக்குள் சந்தேகம் கேட்டுத் தெளியும் வழக்கத்துக்கு இச்சொல் கச்சிதம். அதை ‘மேற்பார்வை’ என்றாலே மேல், கீழ் வந்துவிடுகிறது.

ஓசூரில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் உண்டு. நான்கு வயதில் பேச்சு வரவில்லையென்றால், மூன்று மொழிகள் மேல் பழியைப் போடுவது சுலபம். அப்படி ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், ‘கண்ணைப் பார்த்துப் பேச வைக்க வேண்டும்’ என்று ஆலோசகர் குறிப்பேட்டில் எழுதுகிறார். “அது யாருக்குத் தேவைங்க, பிள்ளைக்கா நமக்கா?” என்று கேட்பவரே உசாத்துணை.

பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. பெரிய சிக்கலுக்கு அங்கே அனுப்பலாம். வாராவாரம் எழும் சின்னச் சந்தேகங்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். பிள்ளையின் பெயரையும் அடையாளத்தையும் மறைத்தே உசாவ வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 23ஆம் பிரிவில் இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.