அஞ்சல் ஓடிய வழியும் அடைபட்ட எல்லையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலை சுமார் 65 கிலோமீட்டர் நீளம். நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை கடந்து இஞ்சிவிளையில் கேரளம் முடிகிறது. அடுத்த கடைத்தெருவான களியக்காவிளை தமிழ்நாடு. வெளியூர் அன்பர்களுக்கு இது மாநில எல்லை. இங்கே வசிக்கும் எங்களுக்கோ, காய்கறிக்கு ஒரு பக்கம், டாக்டருக்கு மறு பக்கம் என்று போய் வரும் இடம்.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு அமலானதும் இந்தப் போக்குவரத்து நின்றது. அவ்வாண்டு மே தொடக்கத்தில், வெளிமாநிலங்களிலிருந்து திரும்புவோருக்காகக் கேரள அரசு திறந்த ஆறு சாலைச் சோதனைச் சாவடிகளில் இஞ்சிவிளையும் ஒன்று. பாஸ் இல்லாமல் கடக்க முடியாது. இந்தப் பக்கத்துப் பெண்களை வடிவீஸ்வரத்திலும் சுசீந்திரத்திலும் கொடுத்திருக்கிறோம். அங்கிருந்து எடுத்தும் இருக்கிறோம். எங்கள் உறவிலேயே அரை மணிப் பயணத் தூரத்தில் நடந்த காரியத்தைக் கைபேசியில் பார்த்தவர்கள் உண்டு.

முதியவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்ற ஏற்பாட்டுக்குக் கேரளத்தில் 'ரிவர்ஸ் குவாரண்டைன்' என்று பெயர். அந்த மாதங்களில் எனக்குத் துணையாக இருந்தவை பள்ளி நாளிலிருந்து சேர்த்த தபால் தலைகள், அவற்றிலும் முக்கியமாகத் திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள்.

நாள் ஒரே மாதிரி போயிற்று. காலையில் ஸ்நானம், காப்பி முடிந்ததும் திண்ணை வெளிச்சத்தில் மேஜை. பழைய காகிதத்தில் ஒட்டியிருக்கும் சாதாரணத் தலைகளைத் தட்டிலுள்ள வெந்நீரில் மிதக்கவிட்டால் இருபது நிமிஷத்தில் பசை இளகிவிடும். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, தாள்களுக்கிடையே உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் வைக்கவேண்டும். ஓரத் துளைகளை எண்ணுவதற்கு அளவுகோல் உண்டு. இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பது கணக்கு. திருவிதாங்கூர்த் தலைகளின் காகிதத்தில் சங்கு நீர்க்குறி இருக்கும். தலையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து இரண்டு சொட்டு பென்சீன் விட்டால், காகிதம் மெலிந்த இடங்களில் தட்டின் கறுப்பு அதிகம் தெரிந்து சங்கின் உருவம் துலங்கும். ஊரடங்கில் பென்சீன் கிடைக்கவில்லை. சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தே சமாளித்தேன். ஜூனில் மழை தொடங்கியதும் ஈரம் படாமல் காப்பதே பாதி வேலையாயிற்று. மாலை ஆறு மணிக்கு முதலமைச்சரின் பத்திரிகையாளர் சந்திப்பு. அன்றைய எண்ணிக்கையைக் கேட்டபின் ஆல்பத்தை மூடிவிடுவேன்.

இந்த ஆல்பம் சொல்லும் சரித்திரம், சோதனைச் சாவடி சொன்னதற்கு நேர் எதிரானது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்தத் தபால் சேவைக்கு 'அஞ்சல்' என்று பெயர். முதலில் அரசாங்கக் காரியங்களுக்காக ஏற்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் ஒழுங்கு பெற்று, பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அஞ்சலோட்டக்காரர் கையில் சலங்கை கட்டிய கோல் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். அவரைத் தடுப்பது குற்றம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கல்குளத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பைகள் போன வழி நெய்யாற்றின்கரை, பாறசாலை வழிதான். குழித்துறைக் கடிதமும் நெய்யாற்றின்கரைக் கடிதமும் ஒரே பையில் போயின. இடையில் எல்லை ஏதும் கிடையாது.

1888 அக்டோபரில் முதல் அஞ்சல் தலைகள் வந்தன. சங்குச் சின்னத்துடன் ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நான்கு சக்கரம் என மூன்று மதிப்புகள். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கர வித்தியாசம் அக்காலத்துக் குமாஸ்தாக்களை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பது அரசாங்கக் கணக்கு எழுதியவர்களுக்குப் புரியும்! சென்னைக்குக் கடிதம் போடவேண்டுமானால் பிரிட்டிஷ் தபால் ஆபீஸுக்குத்தான் போகவேண்டும். ஆகவே பெரியவர்கள் பேச்சில் 'அஞ்சல்' சமஸ்தானத்தினுடையது, 'தபால்' வெள்ளைக்காரனுடையது. இன்று நிலைமை தலைகீழ். கேரளத்தில் எல்லோரும் தபால் என்கிறார்கள். அஞ்சல் என்பது தமிழ்நாட்டில் அலுவல் மொழியாக வாழ்கிறது. சொல்லும் எல்லை தாண்டிவிட்டது.

ஊரடங்கில் நான் அதிக நேரம் பார்த்தது 1939 நவம்பரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளை ஒட்டி வந்த வரிசையை. ஒரு சக்கரத் தலையில் அஷ்டமுடிக் காயல், நான்கு சக்கரத்தில் பத்மநாபசுவாமி கோயில், ஏழு சக்கரத்தில் கன்னியாகுமரி, பதினான்கு சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. ஒரே பக்கத்தில் ஒட்டியுள்ள இந்நான்கில் முதல் இரண்டு இன்று கேரளம், மற்ற இரண்டு தமிழ்நாடு.

அந்தப் பிரிவு நேர்ந்த விதம் பலருக்கும் தெரிந்ததே. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரத் தலைகளின் மேல் அணா, பைசா மதிப்பை அச்சடித்து விற்றார்கள். 1951இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளின் இணைப்பைக் கோரியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்கும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போயின. 2020இல் எங்களைப் பிரித்து நிறுத்திய கோட்டுக்கு வயது 64தான். அதைவிட வயதானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தொற்றுநோய்க்கும் கடிதத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பிளேக், காலரா காலங்களில் ஐரோப்பியத் துறைமுகங்களில் கடிதங்களைக் கீறி, வினிகரில் நனைத்தோ புகை போட்டோதான் உள்ளே விட்டார்கள். அப்படிப்பட்ட உறைகளை இன்று சேகரிப்பவர்கள் தனியாகத் தேடுகிறார்கள். திருவிதாங்கூரும் நோய்க் காலத்தை அறியாத நாடல்ல. 1879இலேயே அரசு ஊழியர், மாணவர், கைதிகளுக்கு அம்மைப்பால் குத்துவதைக் கட்டாயமாக்கிய சமஸ்தானம் இது. 2020இல் நாமும் வந்த கடிதத்தை ஒரு நாள் வெயிலில் வைத்துப் பிரித்தவர்கள்தாமே! ரயில் நின்றபோதும் தபால்காரர் நிற்கவில்லை. மருந்துப் பார்சல்களைக் கொண்டு கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்றிதழை வாசலுக்கே வந்து பதிவு செய்யும் வசதியும் தபால்காரர் மூலம் வந்தது. சலங்கைக் கோல்தான் இல்லை.

இனி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரடங்கில் பழைய பெட்டிகளைத் திறந்து சுத்தம் செய்த பலர், கட்டுக்கட்டான அஞ்சல் கார்டுகளைப் பிறகு எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். மும்பையிலும் டில்லியிலும் சென்னையிலும் இருக்கும் நம்மவர் வீடுகளிலும் பாட்டனார் எழுதிய கடிதங்கள் இருக்கக்கூடும். அவற்றிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தலையின் விலை அநேகமாக அற்பம். ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்றைக்குப் போயிற்று என்று சொல்வது முத்திரை. அது முழுக் கார்டில்தான் இருக்கும். செலோடேப் ஒட்டவோ, லாமினேட் செய்யவோ, ரப்பர் வளையம் போடவோ வேண்டாம். ஈரம் படாத காகித உறையில் தனித்தனியாக வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார், என்ன உறவு என்பதை வேறொரு தாளில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். நெய்யாற்றின்கரை எது, கல்குளம் எது என்று அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.