பைத்தியவாயுவும் எதைலும்: ஒரு நச்சுப் பொருளின் பெயர் வரலாறு

ஒரு பண்டத்தை உற்பத்தி செய்யும் தொழிலாளர் அதற்கு இடும் பெயரும் அதனை விற்கும் முதலாளிகள் இடும் பெயரும் வேறுபடுமிடத்து, அவ்வேறுபாடு மொழி சார்ந்தது மட்டுமன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெற்றோலுடன் கலக்கப்பட்டுவந்த நாலெதைல் ஈயத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1921 டிசெம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, எஞ்சினுள் பெற்றோல் முறைதவறி எரிவதால் எழும் தட்டலோசையை இச்சேர்வை அடக்குவதைக் கண்டார். மதுசாரமும் அதே பயனைத் தரும் என்பது அவர் அறியாததன்று. ஆயின் மதுசாரத்தை எவரும் வடிக்கலாம்; காப்புரிமையால் அதனைத் தனியுடைமையாக்குதல் அரிது. 1923 இல் அமெரிக்காவின் டேற்றன் நகரில் விற்பனைக்கு வந்த புதிய பெற்றோலுக்கு ‘எதைல்’ என்று பெயரிட்டனர். ஈயம் நஞ்சென்பது உரோமர் காலந்தொட்டு அறியப்பட்டது. அச்சொல்லோ பெயரிலிருந்து மறைந்தது.

தொழிலாளரோ வேறு பெயர்களை இட்டிருந்தனர். இச்சேர்வை தோலினூடாகவும் உடலுட் புகுந்து மூளையைத் தாக்குவது. நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இது தயாரான கட்டடத்தை அவர்கள் ‘பைத்தியவாயுக் கட்டடம்’ என்றனர். டீப்வோட்டர் தொழிற்சாலையிற் சித்தங் கலங்கியோர் கண்முன் இல்லாத பூச்சிகள் பறந்தமையால், அது ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ எனப்பட்டது. இக்கசப்பான நகையிலே, மருத்துவ அறிக்கைகளுக்கு முந்திய அறிவு உறைந்திருந்தது. 1924 ஒக்ரோபரில் பேவேயில் ஐவர் மாண்டனர்; முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

1925 மே மாதம் வாஷிங்ரனில் அரசு கூட்டிய மாநாட்டில், எதைல் நிறுவனத்தின் பிராங்க் ஹவர்ட் இப்பொருளைக் கடவுளின் கொடையாக வருணித்தார். கொல்லப்பட்டோருக்கு அது கடவுளின் கொடையன்று எனத் தொழிலாளர் சுகாதாரப் பணியகத்தின் கிறேஸ் பேர்ன்ஹாம் மறுத்துரைத்தார். ஒரு வசனத்தில் வர்க்க முரண்பாடு இவ்வளவு துலக்கமாக வெளிப்படுதல் அரிது. விற்பனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. எனினும், சில மாதங்களே ஆய்ந்த நிபுணர் குழு 1926 இல், தடைசெய்யப் போதிய ஆதாரமில்லை என முடிவுசெய்தது. பயன்பாடு பெருகுகையில் ஆய்வும் தொடரவேண்டும் என்ற அதன் பரிந்துரையை அரசு கைவிட்டது. அப்பணி நிறுவனங்களின் பணத்தில் இயங்கிய மருத்துவர் றொபேர்ட் கீகோவின் கைக்குச் சென்றது.

கீகோவின் வாதமே ஈண்டு முதன்மையாக நோக்கற்பாலது. மனித உடலில் ஈயம் இருத்தல் இயற்கையே. ஒரு வரம்புக்குக் கீழ் அது தீங்கற்றது என்றார் அவர். தொழிற்சாலைகளுக்கு அப்பாற்பட்ட மெக்சிக்கோக் கிராமத்தவரையும் சான்றாகக் காட்டினார். அவர்கள் உண்டதோ ஈய மெருகிட்ட மட்பாண்டங்களில்! பூமியின் வயதை ஈயச் சமதானிகளால் கணித்த கிளயர் பற்றர்சன், 1965 இல் இவ்வாதத்தின் அடித்தளத்தையே தகர்த்தார். எங்குங் காணப்படுவது எதுவோ அது இயற்கையானது என்றாகாது. கைத்தொழில் மாந்தரின் உடலிலுள்ள ஈயம் இயற்கை அளவினும் பன்மடங்கு மிக்கது என அவர் நிறுவினார். சமூகத்தின் படைப்பொன்றை இயற்கையின் நியதியாகக் காட்டுவது கருத்தியலின் பழைய தொழில். இலக்கியத்தில் நாம் நன்கறிந்த அம்மாயம் இங்கு குருதி அளவீட்டின் வடிவில் வந்தது.

அமெரிக்காவில் ஈய நீக்கத்துக்கான முதல் உந்துதல்களுள் ஒன்று, குழந்தைகளின் மூளையன்று. 1975 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிற் பொருத்தப்பட்ட புகைச் சுத்திகரிப்பு ஊக்கியை ஈயம் பழுதாக்கியமையே. எனினும் 1976 இல், தீங்கு முற்றாக நிரூபிக்கப்படும்வரை அரசு காத்திருக்கத் தேவையில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1925 இல் தொழிலாளர் தரப்புக் கோரியதும் ஏறக்குறைய இதுவே. 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்கரின் குருதியில் சராசரி ஈய அளவு ஏறத்தாழ 37 சதவீதம் வீழ்ந்தது.

அங்கே சந்தை சுருங்கியபின் வறிய நாடுகளே புகலிடமாயின. இந்தோனேசியாவில் விற்பனை நீடிக்க அதிகாரிகளுக்குக் கையூட்டு வழங்கியதை, இனோஸ்பெக் நிறுவனம் 2010 இல் பிரித்தானிய நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. இலங்கை 2002 இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. வாகனங்களுக்கு அதனை விற்ற இறுதி நாடான அல்ஜீரியா 2021 இலேயே நிறுத்தியது.