தி கேட்ஸ் அஜார்
அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) உற்றாரை இழந்த பெண்டிர்க்கு ஆறுதலாக எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் 1868இல் வெளியிட்ட இந்நாவல், மாண்ட சகோதரன் ராயலை எண்ணி வாடும் மேரிக்கு, உறவினளான விதவை வினிஃப்ரெட், மோட்சத்திலும் வீடும் மலரும் பியானோவும் பந்தபாசமும் உண்டென்று உரைப்பதாக அமைந்தது. துக்கித்த வாசகர் கண்ணீரோடு போற்றி ஆசிரியைக்குக் கடிதங்கள் எழுதினர். சமயப் பத்திரிகைகளோ வேதவிரோதம் எனக் கண்டித்தன. மார்க் ட்வெயின் அச்சிறு சுவர்க்கத்தைப் பரிகசித்துக் கதையொன்றே இயற்றினார். கலைநோக்கில் நாவல் தளர்ந்ததே. ஆயினும், கண்டித்தோர் அத்துக்கத்தின் ஆழத்தை அளந்தாரில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்கு உறவுகளைப் பறிகொடுத்த இலங்கையின் வெருகற் கரையோரத் தாய்மார்க்கு மேரியின் வினா அந்நியமன்று: போனவர் அங்கிருந்து நம்மை நினைப்பாரா?