இரு நூலகங்கள்: ஒரு சீட்டாட்டத்தின் சிந்தனை வரலாறு

சீட்டாட்டம் என்னும் சொல் நம்மிடையே நல்ல பொருளில் வழங்குவதில்லை. திண்ணையில் பொழுதைக் கொல்வோரையும், கைப்பொருளை இழந்து வீடு திரும்புவோரையும் நினைவூட்டும் சொல் அது. இலக்கியம் பேசும் இடத்தில் அதற்கு இருக்கை அளிப்பதற்குத் தக்க காரணம் வேண்டும். நம்மிடம் காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு சீட்டின் மதிப்பு அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தில் உள்ளதா, அல்லது அது மற்றச் சீட்டுகளோடு சேர்ந்து நிற்கும் இடத்தில் உள்ளதா என்ற வினாவை 1990களில் அமெரிக்க ஆட்டக்காரர் சிலர் எழுப்பினர். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கும் இரண்டு விடைகளையும் கண்டனர். அகராதியில் கிடக்கும் சொல்லையும் கவிதையில் நிற்கும் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்த்த எவருக்கும் இவ்வினா புதிதன்று.

ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு இதை உருவாக்கினார். 'விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற சிறு நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. நாம் அறிந்த 52 சீட்டுக் கட்டு எல்லோருக்கும் ஒன்றே. இங்கோ முதல் பதிப்பிலேயே 295 வகைச் சீட்டுகள் இருந்தன. உறைகளில் கலந்து விற்ற அவற்றை வாங்கியும் பண்டமாற்றுச் செய்தும் சேர்த்து, அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு களத்துக்கு வரவேண்டும். ஆகவே ஆட்டத்தின் பாதி, எதிராளி முன் அமர்வதற்கு முன்பே, வீட்டில் தனியாக இருக்கும்போதே நடந்துவிடுகிறது.

விதிகளை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இருவர் ஆடுவர். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். முதலில் கையில் ஏழு சீட்டுகள். பிறகு முறைக்கு ஒன்று எடுக்கலாம். நிலச் சீட்டுகளை முறைக்கு ஒன்றாக மேசையில் இறக்கலாம். ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஓர் அளவு 'மானா' என்னும் மந்திர ஆற்றலைத் தரும். அந்த ஆற்றலைச் செலவிட்டே போர் புரியும் படைச் சீட்டுகளையும் மந்திரச் சீட்டுகளையும் ஆட முடியும். எதிராளியின் 20 புள்ளிகளையும் அழித்தவர் வென்றவர். இனி எடுக்கவேண்டிய சீட்டுகளின் அடுக்குக்கு இவ்வாட்டத்தில் 'லைப்ரரி', அதாவது நூலகம் என்றே பெயர். பயன்பட்டுத் தீர்ந்த சீட்டுகள் சென்று சேருமிடம் மயானம்.

தொடக்கக் காலத்தில் பெரும்பாலோர் ஆடிய விதம் எளிதில் ஊகிக்கத்தக்கது. பெரிய அரக்கன், அதைவிடப் பெரிய பறவைநாகம் என்று திரட்டிக்கொண்டு வந்து மோதினர். அரிய சீட்டுகள் மிகுந்த வலிமை உடையனவாக இருந்தாலும், எவரிடமும் அவை ஒன்றிரண்டுக்கு மேல் சேராது என்பதே படைத்தவர்களின் எண்ணம். ஆட்டம் பரவிய வேகம் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. குறைந்தது 60 சீட்டுகள், அடிப்படை நிலம் தவிர எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது, மிக வலியவை ஒன்றே ஒன்று என்ற போட்டி விதிகள் வரவேண்டியதாயிற்று.

இச்சூழலில்தான் வட கலிஃபோர்னியாவில் பிரையன் வைஸ்மன் என்பவர் ஒரு கட்டை அமைத்தார். அதற்குத் தனிப்பெயர் சூட்டவும் தேவையில்லாமல் போயிற்று. 'தி டெக்', அதாவது 'கட்டு' என்றாலே போதும், அது இன்னதென்று எல்லோருக்கும் விளங்கியது. 1990களின் நடுவில் இணையத்தின் 'யூஸ்நெட்' குழுக்களிலும் 'தி டோஜோ' என்ற தளத்திலும் எழுதப்பட்ட கட்டுரைகள் வழியாக அதன் புகழ் பரவியது. நேரில் ஒருபோதும் சந்தித்திராத ஆட்டக்காரர்கள், எழுத்தை மட்டும் படித்து ஓர் ஆட்டமுறையைக் கற்றுக்கொண்டனர்.

அக்கட்டில் எதிராளியைத் தாக்கி வீழ்த்துவதற்கென இருந்தவை 'செர்ரா ஏஞ்சல்' என்ற பறக்கும் தேவதைகள் இரண்டே இரண்டு. ஒரு தேவதை ஒரு தாக்குதலில் நான்கு புள்ளிகளை அழிக்கும். 20 புள்ளிகளுக்கு ஐந்து தாக்குதல்கள் வேண்டும். விரைவாக வெல்ல நினைப்பவர் இப்படி ஒரு கட்டை அமைக்கமாட்டார். வைஸ்மன் விரைவாக வெல்ல நினைக்கவில்லை. எதிராளி இனி எதுவுமே செய்ய இயலாது என்ற நிலை வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஆற அமர வெல்ல நினைத்தார்.

இதற்கு அடிப்படையான கணக்கு ஒன்று உண்டு. இருவரும் முறைக்கு ஒரு சீட்டே எடுக்கிறோம். என்னுடைய ஒன்று உங்களுடைய ஒன்றை அழித்தால் கணக்கு நேர். என்னுடைய ஒன்று உங்களுடைய இரண்டை வீணாக்கினால் எனக்கு ஒன்று மிச்சம். இந்த மிச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டே போனால், வெற்றி வட்டியைப் போலத் தானே வந்து சேரும். 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' என்ற சீட்டு ஒரே அளவு மானாவுக்கு மூன்று சீட்டுகளை எடுக்கவிடும். ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பெறுவதால் மிச்சம் இரண்டு. 'டிஸ்ரப்டிங் செப்டர்' என்ற செங்கோல் முறைதோறும் எதிராளியின் கையிலிருந்து ஒரு சீட்டைப் பறிக்கும். அகழி என்று பொருள்படும் 'மோட்' மேசையில் இறங்கிவிட்டால், பறக்க இயலாத படைகள் எதுவும் தாக்க முடியாது. எதிராளி அடுக்கி வைத்திருக்கும் தரைப்படை முழுவதும் அந்த ஒற்றைச் சீட்டினால் வெறும் காகிதமாகிவிடும். தேவதைகளோ அகழிக்கு மேலே பறந்து செல்வர்.

இதைவிட நுட்பமான மிச்சம் ஒன்றும் இருந்தது. எதிராளி தம் கட்டில் படைகளைக் கொல்வதற்கென எட்டு மந்திரங்களை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். 60-ல் எட்டு என்றால், தொடக்கத்தில் அவர் கைக்கு வரும் ஏழு சீட்டுகளில் ஏறத்தாழ ஒன்று அத்தகையது. வைஸ்மனின் மேசையிலோ நெடுநேரம் கொல்லப்படுவதற்கென்று எவருமே இல்லை. அந்த மந்திரங்கள் இலக்கின்றிக் கையிலேயே உறைந்து கிடக்கும். ஒரு சீட்டையும் செலவிடாமல், தம் கட்டில் ஒன்று *இல்லை* என்பதையே ஆயுதமாக்கி, எதிராளியின் சீட்டுகளை அவர் செயலற்றவை ஆக்கினார்.

இக்கட்டிலிருந்த இரு சீட்டுகளின் பெயர்கள் நம் வாசகர்களின் கவனத்துக்குரியவை. ஒன்று, ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைத் தழுவி 1993-ல் வெளிவந்த சீட்டுத் தொகுதியைச் சேர்ந்த 'லைப்ரரி ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா'. கையில் சரியாக ஏழு சீட்டுகள் இருந்தால் இன்னொன்றை எடுக்கவிடும் நிலம் இது; செலவிடாமல் சேர்ப்பவருக்கு மேலும் அளிக்கும் நூலகம். மற்றொன்று, ஏசாயாவின் தீர்க்கதரிசனத்திலிருந்து பெயர் பெற்ற 'ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ்'. எதிராளியின் எந்தப் படைவீரனையும் ஒரே அளவு மானாவில் களத்தைவிட்டு அகற்றும். ஆனால் அவ்வீரனின் வலிமை எவ்வளவோ அவ்வளவு உயிர்ப்புள்ளிகள் அவனுடைய தலைவருக்குக் கூடும். வாளைத் துறந்தவன் உழவுக்குத் திரும்பிவிட்டான் என்பது கற்பனை. எதிராளிக்கு உயிர் கொடுக்கும் சீட்டு, வேகமாகத் தாக்கும் கட்டில் பெருங்குறை. வைஸ்மனின் கட்டிலோ அது குறையே அன்று. எதிராளி 20 புள்ளிகளோடு செயலற்று அமர்ந்திருந்தால் என்ன, 26 புள்ளிகளோடு அமர்ந்திருந்தால் என்ன? தேவதை இன்னும் இரண்டு முறை பறந்துவிட்டுப் போகிறாள்.

இந்த அழகிய சிந்தனைக்கு ஒரு விலையும் இருந்தது. அதற்கு வேண்டிய சீட்டுகளில் பல மிக அரியவை. அவற்றுள் ஒன்றான 'பிளாக் லோட்டஸ்' சீட்டின் முதல் பதிப்புப் பிரதி ஒன்று 2021 ஜனவரியில் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. 1990களின் விலை அதனருகில்கூட வராது என்றாலும், சாதாரண மாணவனின் கைக்கு அவை எட்டாதனவாக அன்றே மாறத் தொடங்கிவிட்டன. குறிப்பிட்ட பழைய சீட்டுகளை மீண்டும் அச்சிடுவதில்லை என்று நிறுவனம் 1996-ல் வாக்குறுதியும் அளித்தது. சேகரிப்போரின் முதலீட்டைக் காத்த அவ்வாக்குறுதி, பின்னால் வருவோருக்குக் கதவைக் குறுக்கியது.

புதியவர்களுக்கு வழி வேண்டும் என்பதற்காக 1995-ல் 'டைப் 2' என்ற தனிப் போட்டிப் பிரிவு தொடங்கியது. அண்மைத் தொகுதிகளின் சீட்டுகளுக்கு மட்டுமே அதில் இடம். இந்தப் பிரிவில்தான் இரண்டாவது விடை பிறந்தது. 1996-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் கொண்டுவந்த கட்டைப் பார்த்தவர்கள் வியந்திருப்பர். ஆட்டக்காரர்கள் குப்பை என்று பெட்டிக்கடியில் போட்டுவைத்த சீட்டுகள் அதில் நிறைந்திருந்தன. அவற்றைக் கொண்டு ஸ்லை வென்றுகொண்டிருந்தார்.

கட்டை அமைத்தவர் ஸ்லை அல்லர், ஜே ஷ்னைடர். ஆயினும் வரலாற்றில் அதற்கு 'ஸ்லை' என்ற பெயரே நிலைத்தது. பாட்டை இயற்றியவரை மறந்து, பாடியவரின் பெயரால் அதை நினைவில் வைக்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

ஷ்னைடரின் கணக்கு சீட்டுகளைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. முறைக்கு ஒரு நிலம் என்றால் முதல் முறையில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. பயன்படுத்தாத மானா அந்த முறையோடு அழிந்துவிடும். நாளைக்கென்று சேர்த்துவைக்க இயலாது. நான்கு மானா விலையுள்ள வலிய சீட்டுகளை மட்டும் கையில் வைத்துக் காத்திருப்பவர், முதல் மூன்று முறைகளில் ஆறு மானாவை மண்ணில் ஊற்றிவிடுகிறார். ஆகவே முதல் முறைக்கு ஒரு மானாச் சீட்டு, இரண்டாவதற்கு இரண்டு மானாச் சீட்டு என்று ஒவ்வொரு படியிலும் ஏதேனும் ஒன்று கையிலிருக்கும் வகையில் எண்ணிக்கையை வகுத்துவைத்தால், சிறியவை பெரியவற்றை முந்திவிடும். 'மானா வளைகோடு' என்று பின்னாளில் வழங்கிய கருத்து இக்கட்டின் வழியாகவே பரவலாக வேரூன்றியது.

'லைட்னிங் போல்ட்' என்ற மின்னல் ஒரு மானாவுக்கு மூன்று புள்ளிகளை அழிக்கும். ஆனால் நான்கு மின்னல்களும் கைக்கு வந்தாலும் 12 புள்ளிகள்தாம். அவையும் வருவதில்லை, ஐந்தாம் முறைக்குள் ஒருவர் காண்பது கட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே. எஞ்சிய புள்ளிகளைச் சிறு படைகள் முன்னதாகவே அரித்து வைத்திருக்கவேண்டும். அதற்காக வந்தவர்களில் ஒருவர் 'அயர்ன்கிளா ஆர்க்ஸ்'. இரண்டு மானா விலை, இரண்டு புள்ளி வலிமை. தமக்கு நிகரான அல்லது மேலான வலிமை உடைய எவரையும் எதிர்த்துத் தடுத்து நிற்கமாட்டார்கள் என்பது அவர்கள் மேல் எழுதியிருக்கும் இழிவு. கோழைகள். ஆனால் ஸ்லையின் கட்டு எதையும் தடுத்து நிற்க விரும்புவதே இல்லை; முன்னோக்கிப் போவது ஒன்றே அதன் தொழில். தடுக்கவே போகாதவனுக்குத் தடுக்கத் தெரியாமை குறையாகுமா?

இங்கும் ஒரு நூலகத் தொடர்பு உண்டு. 'ஆர்கிஷ் லைப்ரேரியன்', அதாவது அரக்க நூலகர். தம் அடுக்கின் மேலிருக்கும் எட்டுச் சீட்டுகளைப் பார்த்து, அவற்றுள் நான்கைக் குருட்டாம்போக்கில் என்றென்றைக்குமாக நீக்கிவிட்டு, மீதி நான்கை வேண்டிய வரிசையில் வைத்துக்கொள்ளலாம். நூலகத்தைக் கருவூலமாகக் கருதும் வைஸ்மனுக்கு இது படுகொலை. ஷ்னைடருக்கோ, ஆட்டம் முடிவதற்குள் தாம் படிக்கப்போகாத நூல்கள் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அடுத்த நான்கு சீட்டுகள் சரியான வரிசையில் வந்தால் போதும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஏழையின் கட்டு செல்வந்தர் கட்டை வீழ்த்தியது என்று கதையை முடிக்கவும் ஆசை எழும். இரண்டும் முழு உண்மை அல்ல. அவ்விரு கட்டுகளும் வெவ்வேறு போட்டிப் பிரிவுகளைச் சேர்ந்தவை. ஒன்றையொன்று வென்றதாகச் சொல்வதற்கில்லை. நமக்கு முக்கியமாகப் படுவது அவற்றின் பகைமை அன்று, உறவு. எதிராளிக்கு உயிர் தரும் வாளும், தடுக்கத் தெரியாத கோழையும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. ஒரு சீட்டின் குறை என்பது ஒரு நோக்கத்தின் முன்னால் மட்டுமே குறை. நோக்கம் தெளிவாக இருந்தால் குறையின் விலைக்கு வலிமையை வாங்கலாம். வைஸ்மன் காலத்தைக் கொடுத்துச் சீட்டுகளை வாங்கினார். ஷ்னைடர் சீட்டுகளைக் கொடுத்துக் காலத்தை வாங்கினார்.

ஸ்லையின் வழிவந்த சிவப்புக் கட்டுகள் நெடுங்காலம் வாழ்ந்தன. 1998-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த தொழில்முறைப் போட்டியை டேவிட் பிரைஸ் அத்தகையதொரு கட்டைக் கொண்டு வென்றார். அடுத்த ஆண்டு மைக் ஃபுளோரஸ் எழுதிய கட்டுரை ஒன்று இரு சிந்தனைகளுக்கும் பொதுவான இலக்கணத்தைத் தந்தது. எந்த ஆட்டத்திலும் ஒருவர் விரைவதற்கும் மற்றவர் பொறுப்பதற்கும் உரியவர். தமக்குரிய பாத்திரம் எது என்பதைத் தவறாகக் கணித்தவர் தோற்பார் என்பது அதன் சாரம். கட்டு மட்டுமே அதை முடிவு செய்வதில்லை. எதிரே இருப்பவர் யார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இவை காகிதச் சீட்டுகளைப் பற்றிய பேச்சுத்தான். எனினும், ஒன்றின் மதிப்பை அதன் அருமையைக் கொண்டும் விலையைக் கொண்டும் அளக்கும் பழக்கம் சீட்டாட்டத்தோடு நிற்பதன்று. சொற்களையும் நாம் அப்படித்தான் அளக்கிறோம், மனிதர்களையும் பெரும்பாலும் அப்படித்தான். அட்லாண்டா போட்டிக்கு முன்னும் பின்னும் 'அயர்ன்கிளா ஆர்க்ஸ்' சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த 59 சீட்டுகள் மாறின; அவ்வளவே.